பட்டமும் பதிவு நாளும்

தமிழ்நாடு அரசு வழங்கும் வேலையில்லாதோர் உதவித்தொகை தமக்குக் கிட்டுமா என்று, காரைக்காலில் கல்லூரிப் படிப்பை முடிக்கும் மாணாக்கர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது. கையேந்துகிறோமோ என்ற கூச்சம்.

வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் கால் வைத்தால் தமிழ்நாடு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலோ புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆதலின் அத்திட்டம் நம்மூர்க் குடும்பங்களுக்கு உரியதன்று. ஆயினும் நாகூரிலிருந்து இங்கு வந்து பயிலும் பிள்ளைக்கு வழியுண்டு. கல்வியைத் தமிழ்நாட்டில் முடிக்காதவராயின், பெற்றோர் அங்கு 15 ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும்.

பட்டம் பெற்ற மறுநாளே பணம் வந்துவிடாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தலும் வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டலாகாது. கல்லூரியில் முழுநேரம் பயில்வோருக்கும், மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்பட்டம் பெற்றோருக்கும் இது இல்லை. ஏனைய பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், 3 ஆண்டுகள் வரை.

சிறு தொகைதான், தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்குமேனும் ஆகும். அரபியில் 'ஹக்கு' என்ற ஒரே சொல் உண்மையையும் உரிமையையும் குறிக்கும். உண்மையிலேயே வேலையற்றவர் தம் உரிமையைக் கேட்பதில் நாணமென்ன?

மகனின் பயணத்துக்கும் மகளின் நிக்காஹுக்கும் நாள் குறிக்கும் பெற்றோரே, இப்பதிவுக்கும் ஒரு நாள் குறியுங்கள். சான்றிதழ் பெட்டியில் உறங்கும் காலம் கணக்கில் சேராது.