சோம்பேறிப் பட்டம்

“உடம்பு வளையவில்லை” என்று வீட்டில் யாரையாவது குறை சொல்வதில் என் வயதுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நடந்ததைப் படித்த பிறகு எனக்கு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை.

அந்த ஜூலையில் அங்கே டாக்டர்களும் நர்சுகளும் அடுத்தடுத்துப் படுக்கையில் விழுந்தார்கள். தொண்டை வலி, தலைசுற்றல், கை கால் ஓய்ந்துபோவது. நவம்பருக்குள் ஊழியர்கள் 292 பேர். வார்டில் ஏற்கெனவே இருந்த நோயாளிகளிலோ 12 பேர்தான். ஆஸ்பத்திரியையே அக்டோபர் வரை மூடினார்கள். எந்தக் கிருமி என்று பிடிபடவில்லை. பலர் தேறினார்கள், சிலருக்கு அசதி வருடக்கணக்கில் விடவில்லை. 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் தாள்களைப் புரட்டிவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். படுத்தவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று! நோயாளிகளை நேரில் பார்த்த அந்த ஆஸ்பத்திரி டாக்டர் மெல்வின் ராம்சே அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

இந்த மாதிரி விடாத அசதியை நாட்பட்ட சோர்வு நோய் என்று இப்போது சொல்கிறார்கள். பலருக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தொடங்குகிறது. கொரோனாவுக்குப் பின்னும் பார்க்கிறோம். நோய் எதிர்ப்பு சக்தியிலும், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்கும் நரம்புகளிலும் கோளாறு தெரிகிறது. மூலகாரணம் இன்னும் முடிவாகவில்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். அதனால்தான் சோம்பேறிப் பட்டம்.

சாதாரணக் களைப்பு தூங்கினால் போய்விடும். இவர்கள் தூங்கி எழுந்தாலும் அப்படியேதான். தலைக்குக் குளித்து, துவட்டி, கூந்தலை வாரி முடிக்கிறாள் ஒரு பெண். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள். இந்தத் தாமதத்தால் குளியலையும் படுக்கையையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. “கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டு” என்றுதான் பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டியும் முன்பு சொன்னது. 2021-இல் அதைக் கைவிட்டார்கள். தெம்பு தீருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடு என்பதே இப்போதைய அறிவுரை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சரி, இதற்கு ஆஸ்டியோபதி என்ற கை வைத்தியம் உதவுமா? ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1874-இல் தொடங்கிவைத்தது. கையாலேயே தசையையும் மூட்டையும் தளர்த்தும் முறை. மான்செஸ்டரில் ரேமண்ட் பெரின் என்பவர், நிணநீர் வடிகால் தேங்குவதே இந்த நோயின் வேர் என்று சொல்லி, அதற்கென்று ஒரு தடவும் முறையை வைத்திருக்கிறார். மருத்துவ உலகம் அதை முடிவாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கழுத்து இறுக்கமும் முதுகு வலியும் கொஞ்சம் விட்டால், அந்த மட்டுக்கு லாபம். நோயையே தீர்த்துவிடுவேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தீர்க்கும் வைத்தியம் எதிலும் இன்னும் வரவில்லை. இன்னொன்று: போய்வரும் அலைச்சலும் அந்தச் சட்டியிலிருந்துதான் போகிறது. போய்வந்த மறுநாள் நோயாளி படுத்துவிட்டால், அந்த சிகிச்சை அவருக்கு ஒத்துவரவில்லை என்றே அர்த்தம்.

ஆறு மாதமாக அசதி என்று யாராவது சொன்னால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டும் ரத்தசோகையும் சர்க்கரையும் இதே வேஷம் போடும். அதெல்லாம் இல்லை என்றான பிறகு, உட்கார்ந்தபடி வேலை செய்யச் சமையலறையில் ஒரு ஸ்டூல் போடுங்கள். மாமியார், மாமனார் ஸ்தானத்தில் இருப்பவர்களே போட்டால், வீட்டில் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.