இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

கணினித் திரையில் பாழடைந்த நகரம் ஒன்று விரிகிறது. இடிந்த கட்டடங்களின்மீது கொடிகள் படர்ந்திருக்கின்றன. ஆடுபவர் விசையை அழுத்தியதும் வீராங்கனை ஒருத்தி அவற்றின் நடுவே ஓடுகிறாள். ஒரு நொடிக்கு 60 படங்கள் வீதம் அக்காட்சி மீண்டும் மீண்டும் புதிதாக வரையப்படுகிறது. அவ்விளையாட்டின் கணினிப் பதிப்பு விண்டோஸ் இயங்குதளத்துக்கென்றே ஆக்கப்பட்டது. ஆனால், அது ஓடும் கணினியில் இருப்பது லினக்ஸ். விளையாட்டு இதனை அறியாது. பிறந்த வீட்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறது. அவ்வாறு எண்ணச் செய்வதற்காக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் உழைத்து வருகின்றனர்.

எந்த நிரலும் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறப்பதற்கும் ஒலியை எழுப்புவதற்கும் திரையில் வரைவதற்கும் அது இயங்குதளத்திடம் வேண்டுகோள் விடுக்கிறது. அவ்வேண்டுகோளின் சொற்களும் அவை அமையும் முறையும் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறுபடும். ஆகவே, விண்டோஸிடம் பேசப் பழகிய நிரல் லினக்ஸிடம் பேசினால் அது விளங்காது. கணக்குகளைச் செய்யும் செயலி மட்டும் இரண்டுக்கும் பொதுவானது. எனவே, ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியையே போலியாக உருவாக்க வேண்டியதில்லை; வேண்டுகோள்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். இந்த எண்ணத்தில் பிறந்ததே 'வைன்' என்னும் மென்பொருள். 'இது போலிக் கணினி அன்று' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயராயின.

வைன் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் பொறுப்பை ஏற்ற அலெக்சாந்தர் ஜூலியார் இன்றளவும் அதனை வழிநடத்தி வருகிறார். அன்றைய விண்டோஸ் 3.1க்கான நிரல்களை லினக்ஸில் இயக்குவதே அப்போதைய நோக்கம். இரண்டொரு ஆண்டுகளில் முடிந்துவிடக்கூடிய பணிபோல் தோன்றினும், வைனின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூன் மாதத்தில்தான். பதினைந்து ஆண்டுகள்! இத்தனை காலம் ஏன் தேவைப்பட்டது?

வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியம் கூறும். வழிநூல் செய்பவர் கையில் முதல்நூல் இருக்கும். வைன் குழுவினருக்கோ அது வாய்க்கவில்லை. விண்டோஸின் மூலநிரல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உடைமை. அதனை எவ்வகையிலேனும் பார்த்த ஒருவர் வைனுக்கு நிரல் எழுதக்கூடாது என்பது குழுவினர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட நெறி. நிரலாளர்களுக்கென வெளியிடப்பட்ட விளக்க ஏடுகள் இருந்தன. ஆனால், ஏடு கூறுவதும் விண்டோஸ் செய்வதும் எல்லா இடங்களிலும் ஒத்திருப்பதில்லை. ஆதலால், சிறுசிறு சோதனை நிரல்களை எழுதி, விண்டோஸில் ஓடவிட்டு, அது தரும் விடையைக் குறித்துக்கொண்டு, அதே விடையை வைனும் தரும்வரை திருத்தினர். இவ்வாறு ஆயிரக்கணக்கான வினாக்கள். விண்டோஸ் ஓரிடத்தில் தவறாக விடையளித்தால், வைனும் அங்கே தவறாகவே விடையளிக்க வேண்டும். அத்தவற்றை நம்பி எழுதப்பட்ட நிரல் எங்கேனும் இருக்கும். பிழையையும் பிழையின்றிப் பெயர்க்க வேண்டிய விந்தையான மொழிபெயர்ப்பு இது.

எழுத்துப்பணிக்கும் கணக்குப்பணிக்கும் உரிய நிரல்கள் ஒருவாறு வசப்பட்டன. விளையாட்டுகள் வசப்படவில்லை. விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் 'டைரக்ட் திரீடி' என்னும் வரைகலை மொழியில் பேசுகின்றன. லினக்ஸில் நெடுங்காலம் வழங்கியது 'ஓப்பன் ஜிஎல்'. ஒரு பொருள் பார்ப்பவருக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை முன்னது 0 முதல் 1 வரையிலும், பின்னது −1 முதல் 1 வரையிலும் அளக்கும். இத்தகைய வேறுபாடுகள் பல. ஒவ்வொன்றையும், ஒரு படத்துக்குக் கிடைக்கும் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். சரியாக மொழிபெயர்த்தாலும் காலம் தாழ்ந்தால் பயனில்லை.

2016 பிப்ரவரியில் 'வல்கன்' என்னும் புதிய வரைகலை மொழியின் முதற்பதிப்பு வெளிவந்தது. வரைகலைச் செயலியின் ஒவ்வோர் அசைவையும் நிரலாளரே நேரடியாக ஆள்வதற்கு அது இடமளித்தது. எளிய மொழி அன்று. ஒரு முக்கோணத்தை வரைவதற்கே நூற்றுக்கணக்கான வரிகள் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கோ அந்த நுணுக்கமே வாய்ப்பாயிற்று. பிலிப் ரெபோலே என்னும் நிரலாளர் 'நியர்: ஆட்டோமேட்டா' என்னும் விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பினார். அது அங்கே ஓடவில்லை. தொடக்கத்தில் கண்ட பாழடைந்த நகரம் அவ்விளையாட்டினுடையதே. 2017ஆம் ஆண்டு, டைரக்ட் திரீடியின் பதினொன்றாம் பதிப்பை வல்கனுக்கு மொழிபெயர்க்கும் 'டிஎக்ஸ்விகே' என்னும் மென்பொருளை அவர் எழுதத் தொடங்கினார். ஒரு விளையாட்டை ஆடும் ஆசை ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கு வழி திறந்தது.

இம்மொழிபெயர்ப்பின் கடினமான பகுதி, 'ஷேடர்' எனப்படும் குறுநிரல்கள். நீரின் பளபளப்பு, நிழலின் அடர்வு, தோலின் நிறம் ஆகியவற்றைத் திரையின் புள்ளிதோறும் முடிவுசெய்பவை அவை. அவற்றை ஆட்டத்தின் நடுவே மொழிபெயர்க்க நேர்ந்தால், அந்த நொடியில் படம் திக்கி நிற்கும். எனவே, பெயர்த்தவற்றைச் சேமித்து வைத்து மறுமுறை பயன்படுத்தும் முறை வகுக்கப்பட்டது.

கணினி விளையாட்டுகளை இணையவழி விற்கும் 'வால்வ்' நிறுவனம் 2018ஆம் ஆண்டு முதல் ரெபோலேவின் பணிக்கு ஊதியமளித்தது. அறச்செயல் என்று இதனைக் கொள்ள வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 8இல் தன் சொந்தக் கடையைத் திறந்தபோது, பிறருடைய கதவுகள் அடைபடுமோ என்னும் அச்சம் வால்வுக்கு எழுந்தது. அது முன்னின்று வெளிக்கொணர்ந்த லினக்ஸ் விளையாட்டுக் கணினிகள் 2015இல் விற்பனைக்கு வந்தன. ஆடுவதற்குப் போதிய விளையாட்டுகள் இல்லாமையால் அவை நிலைக்கவில்லை. விளையாட்டை மாற்றி எழுதுமாறு அதன் ஆசிரியர்களை வேண்டுவதைவிட, மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதே வழி என்பது அத்தோல்வி தந்த பாடம். வைன், டிஎக்ஸ்விகே முதலியவற்றை ஒன்றாக்கிய 'புரோட்டான்', 2018 ஆகஸ்டில் 27 விளையாட்டுகளுக்கான ஒப்புதலோடு வெளிவந்தது. 2022இல் வெளிவந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கக் கருவி, லினக்ஸில் இயங்கியவாறே ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டியது. அவ்வாண்டு வந்த 'எல்டன் ரிங்' விளையாட்டு விண்டோஸிலேயே திக்கித் திக்கி ஓடியது. மொழிபெயர்க்கும் அடுக்கில் நினைவகத்தைக் கையாளும் முறையைத் திருத்தி அத்திக்கலைக் குறைத்தனர். மூலத்தின் குறையை மொழிபெயர்ப்பு தீர்த்துவைத்த அரிய நிகழ்வு அது.

டைரக்ட் திரீடியின் பன்னிரண்டாம் பதிப்பில் ஆக்கப்பட்டது அவ்விளையாட்டு. அப்பதிப்பை வல்கனுக்குப் பெயர்க்கும் 'விகேடி3டி' என்னும் திட்டத்துக்கு முதன்மை நிரலாளராக இருந்தவர் யூசெஃப் குச்சா. அவர் 2019 ஆகஸ்டில் தம் 30ஆம் வயதில் மறைந்தார். 2020 ஜனவரியில் வெளிவந்த வைனின் 5.0 பதிப்பு அவருடைய நினைவுக்கு உரிமையாக்கப்பட்டது. அவர் இட்ட அடித்தளத்தின்மீதே பிறர் தொடர்ந்து கட்டினர். எல்டன் ரிங்கின் பரந்த வெளிகளில் குதிரையேறிச் செல்லும் ஆட்டக்காரர்களுள் அப்பெயரைக் கேள்விப்பட்டவர் சிலரே இருப்பர்.

திறவாத கதவுகளும் உள. பலர் ஒருங்கே ஆடும் போட்டி விளையாட்டுகள் சிலவற்றில், கள்ளாட்டத்தைத் தடுக்கும் மென்பொருள் விண்டோஸின் உட்கருவரை சென்று காவல் காக்கிறது. இடையில் மொழிபெயர்ப்பாளர் நிற்பதையே அது ஐயத்துடன் நோக்கும். லினக்ஸுக்கும் இசைவளித்த நிறுவனங்கள் உண்டு. மறுத்த நிறுவனங்களும் உண்டு. மறுத்தவிடத்து, மொழிபெயர்ப்பு எவ்வளவு செம்மையானதாயினும் ஆட்டம் தொடங்காது; விலை கொடுத்து வாங்கியவர் வாயிலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பழைய விளையாட்டுகளின் நிலை வேறு. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. பரணில் கிடந்த பழைய வட்டை எடுத்துத் தூசி தட்டுபவர், அதனைச் சொந்த வீட்டில் ஓட்ட இயலாமல், லினக்ஸில் வைனை நிறுவி ஓட்டிப் பார்க்கிறார். அந்த விளையாட்டு, பழைய விண்டோஸிடம் கேட்ட அதே சொற்களில் ஒரு சாளரத்தைத் திறக்குமாறு கேட்கிறது. சாளரம் திறக்கிறது.