மூங்கில் குச்சி

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்து மோளப்பாளையத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த புதிய கற்காலக் குடியிருப்பில் மூன்று பேரின் எலும்புகள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. சுமார் 3,500 ஆண்டுப் பழமை. அதில் ஒன்று குழந்தை. அந்தச் செய்தி என்னை விடவில்லை. விசாரித்தபோது அங்கே குழிகளை மூடிவிட்டிருந்தார்கள். “கொந்தகையில் இப்போது முதுமக்கள் தாழி திறக்கிறார்கள், கிளம்பி வா” என்றார் தொல்லியல் படித்த நண்பர். 2022 கோடையில் அரியலூரிலிருந்து மதுரைக்கு வண்டி ஏறினேன்.

கொந்தகை, கீழடி மக்களின் இடுகாடு. கயிறு கட்டிக் குழி பிரிக்கும் அளவைக் கணக்குகளை விட்டுவிடுகிறேன். என் கண் போனது ஒரு அக்காவின் கையில்தான். வயலில் களையெடுத்துப் பழகிய கை. தாழிக்குள் தலையைக் கவிழ்த்து, நுனி சீவிய மூங்கில் குச்சியால் மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரஷ், ஒரு பாண்டு.

“இரும்பு பட்டா எலும்பு கீறிரும் தம்பி. மூங்கின்னா மண்ணு மட்டும் வரும்.”

எலும்பைக் காட்டினார். ஊறிய ரஸ்க் போல இருந்தது. மூச்சு பட்டாலே உதிரும் என்று பயந்து பின்வாங்கினேன். கையுறையும் முகக்கவசமும் அவருக்கு அந்த வெயிலில் பெரும்பாடு. ஆனால் நம் வியர்வையும் எச்சிலும் கலந்தால் மரபணு ஆய்வு கெட்டுவிடும். தாழி மண்ணை அடுக்கடுக்காக எடுத்துத் தனித்தனிப் பையில் கட்டி, பிறகு சலிக்கிறார்கள். தாழிக்குள் மண்ணின் இறுக்கம் மாறினால், கீழே ஏதோ இருக்கிறது என்று அக்காவின் விரலுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. மேற்பார்வையாளர் அதற்குப் பிறகுதான் குனிகிறார்.

அந்த ஆண்டு ஒரே தாழியில் 74 சூதுபவள மணிகள் கிடைத்தன. மாலை அணிவித்து அடக்கம் செய்தார்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் பல தாழிகளில் உடலை முழுதாக வைக்கவில்லை; சதை கழிந்தபின் எலும்புகளைப் பொறுக்கி வந்து இட்டிருக்கிறார்கள். அப்படி இட்ட தாழியில் கழுத்து ஏது? மணிகள் எலும்புக்கு மேலே கிடந்தனவா, அடியிலா, வரிசையாகவா, சிதறியா என்பதை வைத்துத்தான் பேச முடியும். மணியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் அது வெறும் மணி. அது கிடந்த கிடைதான் செய்தி. அந்தக் கிடையைக் கலைக்காமல் காட்டுவது அக்காவின் குச்சி.

கொந்தகைக்கு முந்தைய புதிய கற்கால அடக்கங்களில் இந்த ஆடம்பரமெல்லாம் பெரும்பாலும் இல்லை. கர்நாடகத்துப் பிரம்மகிரியில் சிசுக்களைப் பானையில் வைத்துக் குடியிருப்புக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். மோளப்பாளையத்திலும் வாழ்ந்த இடத்திலேயே அடக்கம். பொருள் குறைந்த குழியை ஏழையின் குழி என்று எழுதுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். பிள்ளையைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டவள், அதனோடு என்னத்தைப் போட்டு அனுப்ப வேண்டும்? எங்கேயும் அனுப்பவில்லையே அவள்.

அக்காவுக்குத் தினக்கூலி. அகழாய்வுப் பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது. மறுபடி வயல், நூறு நாள் வேலை. “அடுத்த வருசம் கூப்புடுவாங்களா சார்?” என்று என் நண்பரிடம் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. அறிக்கையில் இயக்குநர் பெயர் வரும், ஆய்வகத்தின் பெயர் வரும். தாழியின் அடிவரை போன கையின் பெயர் வர இடம் இல்லையா?

ஊர் திரும்பியபின் அந்தக் குச்சி நினைவாகவே இருந்தது. எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மண்ணுக்கு மரியாதை வேறு மாதிரி. மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கற்களை அரசு தேடி எடுத்தது, மகிழ்ச்சி. மற்ற இடமெல்லாம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல், வீட்டு மனைக்குச் செம்மண். அக்கா ஒரு நாள் முழுக்கக் கிள்ளும் மண்ணைப் பல மடங்காக ஒரே வாளியில் அள்ளுகிறது ஜேசிபி. நிலத்துக்காரருக்கு ஏதோ ஒரு தொகை, லோடுக்கு லோடு லாபம் தரகருக்கு. தாழி உடைந்தால் ஓடு லாரியோடு போய்விடும். யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள், நிறுத்தினால் வாடகை நட்டம். கடலடியில் கிடந்த காலத்துச் சிப்பி முதல் சோழர் காலம் வரை அடுக்கி வைத்திருக்கும் நிலத்தை டன் கணக்கில் மட்டும் விலை பேசுகிறோம்.

மண் எடுக்க அனுமதி தருமுன் ஒரு தொல்லியலாளர் அந்த நிலத்தை நடந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் கூடவே, தாழி மண்ணை விரலால் அறியும் அக்காக்கள் இருவர், முழுச் சம்பளத்தோடு.