வாசலில் விழுந்த எண்ணெய்

ஜனவரி 4, சனி

விடியற்காலை அம்மா எழுப்பினார். “ஏன்டா, எவ்வளவு தேய்ச்சாலும் போகலை. கோலமாவு ஒட்டவே மாட்டேங்குது.” வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அப்பா 1998இல் வாங்கிய மாருதி 800 அங்கேதான் நிற்கும்.

இன்ஜினின் பெல்ட் பக்கம் முழுக்கக் கறுப்பு. எங்கிருந்து ஒழுகுகிறது என்று வெறும் கண்ணால் சொல்ல முடியவில்லை. மேலே கேம் ஷாஃப்ட் சீல், கீழே கிராங்க் ஷாஃப்ட் சீல், தலையில் வால்வு மூடியின் பேக்கிங். மூன்றில் எது கசிந்தாலும் எண்ணெய் கீழேதான் வந்து சேரும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு, முகப் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டேன். மேலே பவுடர் வெள்ளையாகவே இருந்தது. கிராங்க் புல்லிக்குப் பின்னாலிருந்து மட்டும் ஈரக்கோடு இறங்கியது.

ஜனவரி 5, ஞாயிறு

போன வருடமே இந்தக் கசிவு இருந்தது. ஒரு பட்டறையில் வெளியே சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசி அனுப்பிவிட்டார்கள். சுழலும் தண்டைச் சுற்றிப் பேஸ்ட் பூசினால் எத்தனை நாள் நிற்கும்? அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

சீல் என்பது உலோக வளையத்தில் வார்த்த ரப்பர். அதன் மெல்லிய உதட்டைச் சின்னச் சுருள் கம்பி ஒன்று தண்டோடு அணைத்துப் பிடிக்கிறது. உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்; அதுதான் ரப்பர் கருகாமல் காக்கிறது. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் விறைத்துப்போனால் உதடு தண்டைப் பின்தொடராது.

ஜனவரி 11, சனி

சீல் வாங்க ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போய்வந்தேன். மாருதி 800 உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் ஆம்னிக்கும் இதே 796 சி.சி. இன்ஜின்தான் என்பதால் சீலுக்குப் பஞ்சமில்லை. எண்ணெயில் ஊறிய டைமிங் பெல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது. அதையும் புதிதாக வாங்கினேன். சீலின் விலையைவிட ஆட்டோ செலவு அதிகம்.

ஜனவரி 12, ஞாயிறு

பெரம்பூரில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பெரியவரின் பட்டறை. ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம், புல்லி, பெல்ட் மூடி எல்லாம் கழன்றன. கேம், கிராங்க் இரண்டின் டைமிங் குறிகளையும் நேர்கோட்டில் நிறுத்திய பிறகே பெல்ட்டைத் தொட்டார்.

பழைய சீலை நெம்ப நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “தண்டுல ஒரு கீறல் விழுந்தாப் போதும் தம்பி, புது சீல் போட்டும் ஒழுகும்.” ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணியைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அவரே நெம்பி எடுத்தார். சீலின் ரப்பர் உதடு கண்ணாடி வளையல் போல விறைத்திருந்தது, வளைத்ததும் ஒடிந்தது.

தண்டில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பழைய உதடு உட்கார்ந்த இடத்தில் மெல்லிய பள்ளம். இத்தனை வருடத்தில் ரப்பர் இரும்பைத் தேய்த்திருக்கிறது! நைஸ் எமரித் தாளைத் தண்டின் சுற்றுவாக்கில் மட்டும் ஓட்டினார். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். தண்டில் ‘கீ’ எனும் உலோகச் சாவிக்கட்டை உட்காரும் காடியின் விளிம்பு உதட்டை அறுக்காமலிருக்க அதன்மேல் செல்லோடேப் ஒட்டி, உதட்டில் இன்ஜின் ஆயில் தடவி, கம்பிப் பக்கம் உள்ளே பார்க்க சீலை ஏற்றினார். அதே அகலமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினார். பழைய ஆழத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். புது உதடு பள்ளத்தில் விழாமல் நல்ல இரும்பில் உட்கார வேண்டுமாம். கைத்தேர்ச்சி என்று இதைத்தான் சொல்வேன்.

பெல்ட்டை மாட்டி, ஸ்பேனரால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, குறிகளைத் திரும்பப் பார்த்தோம். சரி. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் வால்வு மூடியிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பிரீதர் குழாயைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “ஊதுங்க.” காற்று போகவில்லை. உள்ளே பழுப்பு நிறத்தில் மோர்க்களி போல அடைசல்.

“வண்டி எவ்வளவு தூரம் ஓடுது?”

மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் என்றேன். அப்பா போனபின் அவ்வளவுதான். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறேன். உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து குழாயை அடைக்கிறது. பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயுவுக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி, எண்ணெயைச் சீல் வழியே தள்ளுகிறது. இந்த அடைப்பை நீக்காமல் விட்டிருந்தால் புது சீலும் கசிந்திருக்கும்.

ஜனவரி 13, போகி

நேற்றே ஆயிலையும் மாற்றியாயிற்று. பழைய பெல்ட்டையும் சீலையும் பட்டறையின் கழிவுப் பையிலேயே போட்டேன்; ரப்பர் போகித் தீக்கு ஆகாது. காலையில் செங்கல்பட்டு வரை நிற்காமல் போய்த் திரும்பினேன். இரவு வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை விரித்திருக்கிறேன்.

ஜனவரி 14, பொங்கல்

அட்டையில் ஒரு சொட்டும் இல்லை. அம்மா கறையைச் சோடா போட்டுத் தேய்த்து, அதே இடத்தில் பெரிய கோலம் போட்டிருக்கிறார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சீல் மாற்றுகிற அன்று பிரீதர் குழாயையும் கழற்றி ஒருமுறை ஊதிப் பாருங்கள்.