பைசாவும் மைக்ரானும்

கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு ரவுண்டு செய்வது கைப்பழக்கம். 50 பைசாவும் மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடுவோம். புதுச்சேரியில் பம்பு உதிரிபாகம் வாங்கும் பிரிவுக்கு மாற்றலானபோதுதான், அது செல்லாத இடமும் உண்டென்று கண்டேன்.

வரைபடத்தில் ஷாஃப்ட் விட்டம் 25.00 மி.மீ., கூட்டல் கழித்தல் 0.02. லேத் பட்டறைக்காரர் கொண்டுவந்த பன்னிரண்டும் மைக்ரோமீட்டரில் 25.024 காட்டின.

"மூணாவது தானத்தை விட்டா 25.02 தானே சார்?" என்றார். சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், பாவம். அவர் பேச்சில் நியாயமும் இருந்தது. சோதனை முடிவை ஐ.எஸ். 2 விதிப்படி ரவுண்டு செய்யலாம் என்றே பல இந்தியத் தரநிலைகள் சொல்கின்றன.

ஃபோர்மேன் மசியவில்லை. "வரைபடத்துல 25.02ன்னா அதுக்கப்புறம் எல்லாம் சுழிதான். பேரிங் உங்க பேனாவைக் கேக்குமா சார்?"

மீறியது 4 மைக்ரான். தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைப்போம். 25,00 என்று எழுதினால் கடைசிச் சுழிகளை வாத்தியார் அடித்துவிடுவார். பட்டறையிலோ அந்தச் சுழிகள்தான் எவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டும் என்று சொல்கின்றன.

நல்லவேளை, விட்டம் கூடுதல். குறைந்திருந்தால் காயலான் கடைக்குத்தான். தேய்த்துத் திங்கட்கிழமை கொண்டுவந்தார், பில் பாஸாயிற்று. அடுத்த டெண்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதினேன்: 'அளந்த அளவை ரவுண்டு செய்யக் கூடாது.' அதிகாரி கையெழுத்திட்டார்.