பாதை சமைத்த பெரும்பொறி

சாலை அமைத்த மன்னரை வரலாறு போற்றுகின்றது. சாலையைச் சமன்செய்த கருவியை எளிதில் மறந்துவிடுகின்றது. அவ்வாறு மறக்கப்பட்டவற்றுள் ஒன்று நீராவிச் சாலை உருளை. சிறுவயதில் நாம் பின்தொடர்ந்து ஓடியது டீசலால் இயங்கும் ரோடு ரோலரையே. அதன் பாட்டனை நூல்களிலும் படங்களிலுமே கண்டோம். கண்ட நாள் முதல் அதன்மீது நீங்காத பற்றுக் கொண்டோம்.

இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில், ராச்செஸ்டர் நகரில், தாமஸ் அவெலிங் என்பார 1860களில் இவ்வுருளைகளைச் செய்யத் தொடங்கினார். அவெலிங் அன்ட் போர்ட்டர் நிறுவனத்தாரின் உருளைகள், முகப்பில் கெண்டின் குதிரைச் சின்னம் தாங்கி, இந்தியா உட்படப் பல நாடுகளுக்கும் சென்றன.

அதனை இயக்குதல் எளிதன்று. காலையில் நிலக்கரித் தீ மூட்டி, ஆவியின் அழுத்தம் உயரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆவி உந்துதண்டைத் தள்ளும். பற்சக்கரங்கள் பின்சக்கரங்களைச் சுழற்றும். கொதிகலனில் நீர் தாழ்ந்தால் உயிருக்கே கேடு. ஆதலின் ஓட்டுநரின் கண் நீர்மட்டக் கண்ணாடியிலேயே இருக்கும். இங்கிலாந்தில் ஓட்டுநர் பலர், உருளை இழுத்துச் செல்லும் வண்டியிலேயே குடியிருந்து, வேலையுள்ள ஊர்தோறும் சென்றனர்.

டீசல் வந்தபின் எண்ணற்ற உருளைகள் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. சில தப்பின. போல்ட்டன் நகரில் உயர்ந்த புகைபோக்கிகளில் ஏறிப் பழுதுபார்த்து வாழ்ந்த பிரெட் டிப்னா (1938–2004), 1910இல் செய்யப்பட்ட அவெலிங் உருளையொன்றை வாங்கி, வீட்டின் பின்புறத்திலேயே பல்லாண்டுகள் உழைத்து ஓடச் செய்தார்; தம் அன்னையின் பெயரால் 'பெட்ஸி' என்றழைத்தார்.

வண்ணம் பூசி வாயிலில் நிறுத்தினால் போதாதோ என்பர் சிலர். ஓட்டினால் உறுப்புகள் தேயும். தேய்ந்ததை மாற்ற மாற்றப் பழமை குறையும் என்னும் அவர்தம் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும், நிறுத்திய பொறி வடிவத்தை மட்டுமே காக்கும். ஓடும் பொறியோ தறையாணி அடிக்கும் கையையும், ஆவியின் ஒலி கொண்டே பழுதறியும் செவியையும் சேர்த்துக் காக்கும். கருவி துருப்பிடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். கைத்திறன் அழிய ஒரு தலைமுறை மௌனமாயிருந்தாலே போதும்.

தீ மூட்ட இயலாத இடத்திலும் நாம் செய்யத்தக்கதொன்று உண்டு. மாணவச் செல்வங்களே! நீராவி உருளையை இயக்கிய முதியவர் எவரேனும் உங்கள் ஊரில் இருப்பாராயின், அவரை நாடுங்கள். அவ்வேலையில் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அச்சொற்களைக் காப்பதும் தமிழ்ப்பணியே.