கந்தகம் படிந்த கப்பல்: பம்பலப்பிட்டியில் ஒரு மொடல் வேலையின் நாட்குறிப்பு

பெப்ரவரி 3: எந்தப் படத்தின் கப்பல்?

திரையில் கண்ட விண்கலத்தைச் சிறு அளவில் அப்படியே உருவாக்கும் வேலை ஒரு தெரிவோடு தொடங்குகிறது. எந்தப் படத்தில், எந்தக் காட்சியில் வரும் கலம் அது? ‘டிஸ்கவரி’ என்ற கலத்துக்கு இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. 1968 ஏப்ரலில் வெளியான ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் அது தூய வெள்ளையாக வியாழனை நோக்கிச் செல்கிறது. 1984 டிசம்பரில் வெளியான பீட்டர் ஹயம்ஸின் ‘2010’இல் அதே கலம், ஆளில்லாமல், கந்தகத் தூசி மூடிச் சுழன்றுகொண்டிருக்கிறது. பெயர் ஒன்றானாலும் பூச வேண்டிய மேற்பரப்புகள் இரண்டு.

இரண்டுக்கும் கொழும்போடு உறவு உண்டு. இரு படங்களின் கதைகளுக்கும் பின்னாலிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி, 2008 மார்ச்சில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் நெடுங்காலம் இருந்த பார்ன்ஸ் பிளேஸ் வீடு பம்பலப்பிட்டியிலிருந்து அதிக தூரமில்லை. அவரது ‘2010’ நாவல் 1982இல் வந்தது. அது திரைக்கதையாக மாறிய காலத்தில், கொழும்பிலிருந்த கிளார்க்கும் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்த ஹயம்ஸும் கேப்ரோ கணினிகளைத் தொலைபேசி இணைப்பில் பொருத்திச் செய்திகளைப் பரிமாறினார்கள். அந்தக் கடிதங்கள் 1984இல் ‘தி ஒடிஸி ஃபைல்’ என்ற நூலாயின. கந்தகம் படிந்த டிஸ்கவரியைக் கொழும்பில் உருவாக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை.

பெப்ரவரி 5: ஆதாரங்கள்

குப்ரிக்கின் படத்துக்காக இங்கிலாந்தின் போர்ஹம்வுட் ஸ்டூடியோவில் 54 அடி நீளமான டிஸ்கவரி ஒன்றும், முழுக் கலமும் தெரியும் காட்சிகளுக்காக 15 அடி நீளமானது ஒன்றும் செய்யப்பட்டன. அவற்றின் மேற்பரப்பிலுள்ள நுணுக்கங்களுக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மொடல் பெட்டிகளின் பாகங்கள் பெருமளவில் பயன்பட்டன. படம் முடிந்த பின்னர் இந்த டிஸ்கவரிகள் பிழைக்கவில்லை. ஆகவே 1984 படத்தின் மொடல் கலைஞர்கள் பழைய படத்தின் 70 மில்லிமீற்றர் பிரதியிலிருந்து சட்டகங்களைப் பெருப்பித்துப் பார்த்தே கலத்தை மீண்டும் கட்டினார்கள். இன்று வீட்டில் மொடல் செய்பவரும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறார். அசல் பொருள் இல்லாத இடத்தில் திரைச் சட்டகமே மூலம்.

ஆனால் சட்டகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பழைய வண்ணப் பிரதிகள் வெளிறும்போது செந்நிறத்தை நோக்கிச் சாயும். 2018இல் வந்த புதிய 70 மில்லிமீற்றர் பிரதிகளும் அதே ஆண்டின் 4கே வட்டும் ஒரே சாயலைக் காட்டுவதில்லை. எனவே ஒரு பதிப்பை மட்டும் எடுத்து, திரையின் வெளிச்சத்தை மாற்றாமல், ஒரே பகுதியைப் பல சட்டகங்களில் பார்த்து நிறத்தைக் குறித்துக்கொள்வதே சரியான முறை. 2001 படத்தின் மொடல்களில் நிலாவில் இறங்கும் ‘ஏரிஸ் 1பி’ தப்பிப் பிழைத்தது. 2015இல் அமெரிக்கத் திரைப்பட அகாதமி அதை 344,000 டொலருக்கு ஏலத்தில் வாங்கியது. அக்காலத்து வெள்ளைப் பூச்சு உண்மையில் எப்படியிருந்தது என்பதற்கு அதன் புகைப்படங்கள் நல்ல துணை.

பெப்ரவரி 9: கடற்காற்று

பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட வீடுகளில் ஈரமும் உப்பும் காற்றோடு வருகின்றன. இரண்டுமே பெயின்ட்டுக்குப் பகை. லாக்கர் வகைப் பூச்சு காயும்போது தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு பால்போல வெளிறிவிடும். கறுப்பிலும் பளபளப்பிலும் இது உடனே தெரியும். வெள்ளையில் கண்ணுக்குப் படாமல் இருந்து, பிறகு அடுத்த பூச்சு ஒட்டாமல் உரியும்.

கொழும்பில் ஜனவரியும் பெப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். அவற்றிலும் நண்பகலுக்குப் பின்னரே காற்றின் ஈரப்பதன் மிகக் குறைவு. பெயின்ட் அடிக்க அந்த நேரமே ஏற்றது. கொம்ப்ரஸருக்கும் எயார்பிரஷுக்கும் நடுவே நீர் பிடிக்கும் வடிகட்டி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் குழாயில் திரளும் நீர் சொட்டாக வந்து விழும். உப்புப் படலம் போக, பாகங்களை இளஞ்சூட்டு நீரிலும் சிறிது சவர்க்காரத்திலும் கழுவி, காய்ந்த பின்னர் கையுறையோடுதான் தொட வேண்டும்.

பெப்ரவரி 12: பிரைமரும் வெள்ளையும்

கடையில் கிடைக்கும் 1/144 அளவிலான டிஸ்கவரி ஒரு மீற்றருக்குச் சற்று அதிக நீளமானது. முன்னே கோளம், பின்னே இயந்திரப் பகுதி, நடுவே பெட்டி பெட்டியாகக் கோத்த நீண்ட முதுகெலும்பு. இந்த மூன்றையும் தனித்தனியே பூசி இறுதியில் இணைத்தால்தான் இடுக்குகளுக்குள் பெயின்ட் போகும்.

முதற்பூச்சு சாம்பல் நிறப் பிரைமர். ஒட்டிய இடங்களின் வெடிப்பும் கீறலும் அதில்தான் துலங்கும். அதன்மேல் வெள்ளையைத் தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் நுணுக்கங்கள் மூழ்கிவிடும். 0.3 மில்லிமீற்றர் ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், நன்றாக நீர்த்த பெயின்ட், மெல்லிய பல அடுக்குகள் என்பதே முறை. வெள்ளையும் குப்பியிலுள்ள சுத்த வெள்ளையாக இருக்கக்கூடாது. சிறிது சாம்பல் கலந்தால்தான் சூரிய ஒளி படும் பக்கத்துக்கு மேலும் வெளுக்க இடமிருக்கும்.

பெப்ரவரி 17: தகடுகள்

கோளத்தின் மேற்பரப்பு தகடு தகடாகப் பிரிந்திருக்கிறது. மாஸ்கிங் டேப்பால் சில தகடுகளை மட்டும் திறந்துவிட்டு, அடிப்படை வெள்ளையில் ஒரு துளி சாம்பலோ ஒரு துளி காவியோ சேர்த்து மெல்லப் பூச வேண்டும். சட்டகத்தில் இந்த வேறுபாடு பக்கவாட்டில் ஒளி விழும்போது மட்டுமே தெரிகிறது. மேசையில் எட்ட நின்று பார்த்தாலே தகடுகள் தனித்துத் தெரிந்தால் நிறம் மிகையாகிவிட்டது என்று பொருள்.

தகடுகளுக்கு இடையிலான கோடுகளைக் கருமையால் நிரப்பும் வழக்கம் இங்கே பொருந்தாது. 0.2 மில்லிமீற்றர் கோடு, முழு அளவில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் அகலமான பிளவாகும். அதில் கறுப்பு ஊற்றினால் கலம் சிறிய பொம்மையாகத் தோன்றும். இளஞ்சாம்பல் போதும்.

பெப்ரவரி 21: சேர்க்கக் கூடாத அழுக்கு

ஒவ்வொரு கறைக்கும் கதைக்குள் ஒரு காரணம் இருக்க வேண்டும். வியாழனை நோக்கிச் செல்லும் கலத்தில் மழையில்லை, துரு வழியாது. கீழ் என்றொரு திசையே இல்லாததால் எண்ணெய்க் கறை கீழ்நோக்கி இறங்காது. யுத்த விமானத்துக்கும் டாங்கிக்கும் பழகிய கை, சுவரில் மழைநீர் இறங்கியதுபோலக் கோடுகளைத் தானாகவே இழுத்துவிடும். டிஸ்கவரியில் அந்தக் கோடு ஒன்று விழுந்தாலும் முழு மேற்பரப்பும் பொய்யாகிவிடும். 1968 தோற்றமே வேண்டுமென்பவருக்கு வேலை இங்கே நிறைவடைகிறது.

பெப்ரவரி 26: கந்தகம்

1979 மார்ச்சில் வொயேஜர் 1 விண்கலம் வியாழனைக் கடந்தபோது, அக்கோளின் துணைக்கோளான அயோவில் எரிமலைகள் கக்குவதைப் பொறியியலாளர் லிண்டா மொராபிட்டோ கலம் அனுப்பிய படங்களில் கண்டறிந்தார். அந்த எரிமலைகள் கந்தகத்தையும் கந்தக டைஒக்சைட்டையும் வெகு உயரத்துக்கு எறிகின்றன. கிளார்க்கின் நாவல் இந்தப் புதிய அறிவை எடுத்துக்கொண்டது. அயோவின் அருகே ஆண்டுக்கணக்கில் கைவிடப்பட்ட கலம் மஞ்சளாவதற்குக் காரணம் அதுவே.

ஆகையால் இந்தப் படிவு கறையல்ல, தூள். கலம் சுழன்றுகொண்டிருப்பதால் எந்தப் பக்கமும் மறைவில்லை. தூள் எங்கும் ஏறக்குறைய ஒரே சீராகப் படியும். முதலில் காவி கலந்த மங்கிய மஞ்சளை மிக நீர்த்த நிலையில் எயார்பிரஷால் தூவி, அடியிலுள்ள தகட்டு வேறுபாடு சற்றே தெரியும்படி விட வேண்டும். அடுத்து மஞ்சள், வெள்ளை, இளங்காவி நிறச் சோக் பாஸ்டல்களை மெல்லிய சாண்ட்பேப்பரில் உரைத்துக் கிடைத்த பொடியை மென்தூரிகையால் ஒற்ற வேண்டும். முதுகெலும்பின் இடுக்குகளில் சற்று அதிகமாகவும், கதவுகள் திறந்து மூடும் விளிம்புகளில் சற்றுக் குறைவாகவும் பொடி நிற்கலாம். அரை மில்லிமீற்றர் தடிப்பு முழு அளவில் 7 சென்ரிமீற்றருக்கு மேல் ஆகும் என்பதால் பொடி குவியக் கூடாது.

உண்மையான கந்தகத்தைத் தூவும் ஆசை தவறு. அதன் மணிகள் இந்த அளவுக்குப் பெரியவை. உள்ளே விளக்குக்காகப் போட்ட செப்புக் கம்பிகளையும் அது கறுக்க வைத்து அரித்துவிடும்.

மார்ச் 3: ஒளியும் பாதுகாப்பும்

மங்கலான வார்னிஷைத் தூரத்திலிருந்து லேசாகத் தெளித்தால் பொடி நிலைக்கும். வார்னிஷ் பட்ட பொடி ஒரு படி கருமையாகும். அதை எதிர்பார்த்துப் பொடியை முன்கூட்டியே சற்று வெளிறலாக வைத்திருக்க வேண்டும்.

கடைசிச் சோதனை கமராவில் நடக்கிறது. பின்னால் கறுப்பு வெல்வெட் துணி, ஒரு பக்கத்திலிருந்து ஒரே விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளி திரும்பாதபடி இருட்டு. விண்வெளியில் ஒளியைச் சிதறடிக்கக் காற்றில்லை என்பதால் நிழல் முழுக்கறுப்பாக விழ வேண்டும். கமராவின் துவாரத்தைச் சுருக்கி நீண்ட நேரம் திறந்துவைத்தால் முன்கோளமும் பின் இயந்திரமும் ஒருங்கே தெளிவாக விழும். 1968இலும் மொடல்கள் இப்படித்தான், சட்டகத்துக்குச் சில விநாடிகள் எடுத்துப் பதியப்பட்டன. இந்தப் படத்தைத் தெரிந்தெடுத்த சட்டகத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வேறுபாடு தெரிந்தால் முதலில் விளக்கையும், பிறகே பெயின்ட்டையும் மாற்ற வேண்டும்.

மங்கலான மேற்பரப்பும் பொடியும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. மே மாதத் தென்மேற்குப் பருவமழை வருமுன் மொடலைக் கண்ணாடிப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி, கடலைப் பார்த்த யன்னலிலிருந்து விலக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. படிவின் நிறமும் மாறாது.